கடைத்தெரு வழியாக

பெரியவர் மீட்டர் கோலைச் சுவருக்குச் சுவர் வைத்துப் வீட்டுப் பின்சந்தின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். ஜவுளிக்கடையில் வாழ்நாள் முழுக்கத் துணி அளந்த கோல் அது. இரண்டு முனையிலும் பித்தளைப் பூண் போட்டது. ஒருமுறை வைத்து, முடிந்த இடத்தில் கட்டைவிரலை ஊன்றி, அங்கிருந்து மறுபடி வைத்தார். இடையில் துருத்திக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயையும் கழித்துக்கொண்டு, குனிந்த முதுகை நிமிர்த்தினார்.

"நுழையும்" என்றார்.

சவ வண்டி ஓட்டுநர் சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர் ஆள். 

"நுழையும் சார். கண்ணாடியை மடக்கிக்கிட்டு ரிவர்ஸ்ல வரணும், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு கேக்கலாமா? முன்னாடி அவ்வளவு பெரிய ரோடு சும்மாக் கெடக்கு. ஈ காக்கா இல்லை. அதை விட்டுட்டு எதுக்கு இந்தச் சாக்கடைச் சந்து?"

"உங்களை வண்டி ஓட்டக் கூப்பிட்டேன்."

"அதுவும் சரிதான்" என்று ஓட்டுநர் கண்ணாடியை மடக்கப் போனார். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சாவு வீட்டில் யார் என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் தொழிலில் முதல் பாடம் போலிருக்கிறது.

பெரியவர் பின்கதவைப் பார்த்தார். குப்பைக் கூடையும், உடைந்த பிளாஸ்டிக் வாளியும், காயப்போட்ட தரைத் துணியும் அங்கே இருந்தன. அப்பா முன்வாசல் வழியாகப் போனார். அம்மாவும் அப்படித்தான். பெரியவரின் மனைவி போனதும் முன்வாசல் வழியாகத்தான். அந்த வீட்டிலிருந்து யாரும் பின்கதவு வழியாகக் கடைசியாகப் போனதில்லை. இன்றைக்கு அவருடைய தம்பி போகப்போகிறான். அதற்கு ஏற்பாடு செய்பவரும் அவரே. அவர் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு அது சரியில்லை என்று தோன்ற, குனிந்து கையாலேயே எடுத்து மறைவாக வைத்தார்.

தம்பி நேற்று மதியம் தன் கடை நாற்காலியிலேயே போய்விட்டான். பயணப் பைகளும் பெட்டிகளும் விற்கிற கடை. சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று அவன் மனைவி போய்ப் பார்த்தபோது, தொங்கும் பைகளுக்கு நடுவே தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தானாம். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. போன வருடமே டாக்டர், இதயத்தில் அடைப்பு, பைபாஸ் பண்ணிவிடலாம் என்று சொன்னார். "ஒரு பைபாஸுக்கே ஊர் என்னைத் தின்னுது டாக்டர், ரெண்டாவது வேற எதுக்கு?" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்துவிட்டான்.

செய்தி வந்ததும் பெரியவருக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்றிருந்தது. இனி அவனை யாரும் எதுவும் சொல்ல முடியாது. அந்த நிம்மதி ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. இறுதி ஊர்வலம் என்று ஒன்று இருக்கிறதே என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அந்தக் கடைத்தெருவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தெருவில் கடை வைத்திருக்கும் ஒருவர் இறந்துபோனால், அவரைக் கொண்டுபோகும்போது ஒவ்வொரு கடையும் ஷட்டரைப் பாதி இறக்கும். உள்ளே விளக்கை அணைத்துவிட்டுக் கடைக்காரர் வெளியே வந்து நிற்பார். ஊர்வலம் தாண்டியதும் மறுபடி தூக்குவார். வாங்க வந்தவர்களும் அந்த இரண்டு நிமிடம் பேசாமல் நிற்பார்கள். யாரும் சொல்லிச் செய்வதில்லை. எவருக்கு எந்தக் கடை இறக்கவில்லை என்பதை மட்டும் தெரு தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கும்.

இப்போது தெருவில் திறந்திருப்பதே நாலைந்து கடைகள். மருந்துக்கடை, சலூன், ஒரு மளிகை, பெரியவரின் ஜவுளிக்கடை, நேற்று வரை தம்பியின் பைக்கடை. மற்றதெல்லாம் வருடக்கணக்கில் சாத்திக் கிடக்கின்றன. சாத்திக் கிடக்கும் கதவுகளுக்கு முன்னால் அவனைக் கொண்டுபோனால் அது மரியாதையா, பாழா என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? திறந்திருக்கும் கடைகளும் இறக்காமல் நின்றுவிட்டால் அது நன்றாகவே தெரியும். அந்தக் காட்சியைத் தம்பியின் மகள் பார்க்கக் கூடாது. அதற்குத்தான் இந்தச் சந்து.

ஏனென்றால் ஊருக்கு அவன் 'பைபாஸ்'. அதுதான் அவனுக்குக் கடைசி ஆறேழு வருடமாகப் பெயர்.

நடந்தது இதுதான். நெடுஞ்சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் தெருவின் இருபக்கமும் தூண்களில் சிவப்பு மையால் கோடு போட்டார்கள். கோடு வரைக்கும் இடிப்போம், இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே புறவழிச் சாலை போடுவோம், வணிகர் சங்கம் எது வேண்டுமென்று எழுதிக் கொடுக்கட்டும் என்றார்கள். அப்போது சங்கத் தலைவர் தம்பிதான். மருந்துக்கடை மாடியில் கூட்டம். "கோடு வரைக்கும் இடிச்சா பாதிப் பேருக்குக் கல்லாப்பெட்டி வைக்கக்கூட இடம் இருக்காது. கட்டடம் நிக்கட்டும், லாரி வெளியில போகட்டும்" என்று தம்பி பேசினான். எல்லோரும் கை தட்டினார்கள். பைபாஸ் திறந்தது. லாரி வெளியில் போனது. கூடவே பஸ்ஸும் போனது. பஸ்ஸோடு காபி குடிக்க இறங்குகிறவன், அவசரத்துக்குச் செருப்பு வாங்குகிறவன், பை அறுந்து வேறு பை தேடுகிறவன் எல்லோரும் போனார்கள். ஓட்டல்காரர் டோல்கேட் பக்கம் புதுக்கடை போட்டார். வங்கியும் பின்னாலேயே போனது. கை தட்டியவர்கள் கையைத் துடைத்துக்கொண்டார்கள். தம்பி காண்ட்ராக்டரிடம் கை நீட்டிவிட்டான் என்று கூடப் பேச்சு வந்தது. அப்படி நீட்டியிருந்தால், ஊரில் முதலில் வியாபாரம் படுத்துப்போன கடை அவனுடையதாக ஏன் இருக்க வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. பயணம் போகிறவர்கள் வராத தெருவில் பயணப் பை யாருக்கு வேண்டும்?

பெரியவர் உள்ளே வந்தார். கூடத்தில் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டதால் அவன் முகம் யாரோ போலிருந்தது. தலைமாட்டில் அவன் மனைவி. சுவரோரம் இரண்டு மூன்று உறவுப் பெண்கள். வாசலில் வாடகைக்காரர் நாற்காலிகளை இறக்கிக்கொண்டே, "இவ்வளவும் வேணுமா சார், பாதியைத் திருப்பி எடுத்துட்டுப் போகவா?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும் போடுங்க."

"இல்லே, ஆள் கொஞ்சமாத்தான்..."

"நாற்காலி போடுறது நம்ம வேலை. உக்கார்றது அவங்க வேலை. போடுங்க."

நாற்காலிகள் வரிசையாக விரிந்தன. அதில் சலூன்காரர் ஒருவர் மட்டும் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். அதிகாலையில் வந்து தம்பிக்கு முகம் மழித்துவிட்டவர் வீட்டுக்குப் போகவில்லை.

தம்பியின் மகள் விடிந்ததும் வந்து சேர்ந்திருந்தாள். பஸ் பைபாஸிலேயே இறக்கிவிட்டதால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தவள். "ஊர் பேரைக் கூடச் சொல்ல மாட்டேங்கிறாங்க பெரியப்பா. 'டோல்கேட்டுக்கு முன்னாடி எறங்குறவங்க யாரு'ன்னு கத்துறாரு கண்டக்டர்" என்று வந்ததும் சொன்னாள். பிறகுதான் அப்பாவிடம் போனாள். முதலில் அதைச் சொல்ல வேண்டியிருந்தது அவளுக்கு.

"அத்தான், வண்டி எங்க நிக்குது?" என்று தம்பி மனைவி கேட்டாள். அழுது தொண்டை கட்டியிருந்தது.

"பின்னால."

"ஏன் பின்னால?"

"சந்து வழியாப் போனா நேரா பைபாஸ்ல ஏறிடலாம். வெயிலுக்கு முன்னாடி முடிஞ்சிடும்மா."

"வெயிலுக்கு இனிமே அவருக்கு என்ன?"

பெரியவர் கோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தினம் அந்தத் தெரு இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் நடந்துட்டுத்தான் கடை தொறப்பாரு. பேசாதவங்களைப் பார்த்தும் 'என்னங்க, சௌக்கியமா'ன்னு கேப்பாரு. பதில் வராது. மறுநாளும் போய்க் கேப்பாரு. ஏங்க இப்படின்னு நானே சண்டை போட்டிருக்கேன். 'கேக்கறது நம்ம பழக்கம், பேசாதது அவங்க பழக்கம். ரெண்டும் நடக்கட்டுமே'ன்னாரு."

"அதனாலதான் சொல்றேன். இன்னைக்கு அவன் கேக்க முடியாது. அவங்க பேசாம நிக்கிறது மட்டும்தான் மிச்சம் இருக்கும்."

அவள் கணவனின் நெற்றியில் இல்லாத தூசியைத் துடைத்தாள். "உங்க இஷ்டம் அத்தான்" என்றாள்.

அந்த வீட்டில் அவள் அபூர்வமாகத்தான் அதைச் சொல்வாள். எதிர்த்துப் பேசினால் பெரியவர் சமாளித்துவிடுவார். இந்த இரண்டு சொல்லுக்குத்தான் அவரிடம் பதில் இருந்ததில்லை. மகள் அம்மாவையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியவர் கையில் இன்னும் மீட்டர் கோல் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கடகடவென்று ஒரு ஷட்டர். தெருவின் மேற்கோடியிலிருந்து வந்தது. பெரியவர் காது அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தது. இறங்குகிற ஷட்டர் மெதுவாகத் தொடங்கி வேகமாக முடியும். ஏறுகிற ஷட்டர் முக்கி முனகித் தொடங்கிக் கடைசியில் லேசாகும். இது ஏறுகிறது. அந்தப் பக்கம் திறக்கிற கடையே கிடையாதே என்று அவர் நினைத்து முடிப்பதற்குள் இன்னொன்று கேட்டது. எதிர்ச்சாரியில் ஒன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு, துரு அரைபடுகிற ஓசையோடு மற்றொன்று.

அவருக்கு முகம் சூடாகிவிட்டது. கடையைத் திறக்கிறார்கள். வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த கடைகளை, தம்பி செத்த மறுநாள் காலையில், அவன் இன்னும் வீட்டுக்குள்ளே கிடக்கும்போது திறக்கிறார்கள். தொலைந்தான், இனி நல்ல காலம் என்று தெருவே விளக்கேற்றுகிறது. மனிதன் இவ்வளவு கீழே இறங்குவானா?

அவர் தெருவில் இறங்கி நடந்தார். சலூன்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்தார்.

"பெரியவரே, கோலை வெச்சுட்டுப் போங்க. கோலும் கையுமாப் போனா அதுக்கு வேற ஒரு கதை கட்டுவாங்க."

பெரியவர் கேட்கவில்லை.

தெரு காலியாக இருந்தது. எதிரும் புதிருமாக இரண்டு லாரி வந்தால் மூச்சு முட்டிய தெரு அது. இப்போது நடு ரோட்டில் புறாக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பழைய பெயர்ப் பலகைகளில் எழுத்துகள் வெளிறியிருந்தன. தூண்களில் அந்தச் சிவப்புக் கோடு மட்டும் இன்னும் அழியவில்லை. செருப்புக்கடை வாசலில் செருப்புக்கடைக்காரர் பனியனோடு நின்று, ஷட்டரின் பக்கச் சட்டத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு முழ உயரத்துக்கு ஏறிய ஷட்டர் அதற்குமேல் அசையவில்லை. தம்பிக்கு 'பைபாஸ்' என்று பெயர் வைத்தது இந்த ஆள்தான். ஊருக்கே தெரியும்.

"என்ன, திறப்பு விழாவா?" என்றார் பெரியவர்.

செருப்புக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "வாங்க பெரியவரே. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க."

"இவ்வளவு வருஷம் தொறக்காத கடையை இன்னைக்குத்தான் தொறக்கத் தோணிச்சா? அவன் இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பலை. ஒரு நாள் பொறுத்துக்க முடியலையா உங்களால?"

செருப்புக்கடைக்காரருக்கு முதலில் புரியவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். சலூன்காரரைப் பார்த்தார். அப்புறம் ஷட்டரைப் பார்த்தார்.

"தொறக்காம எப்படி இறக்குறது?" என்றார்.

"என்னது?"

"ஷட்டரை. சின்னவர் வரும்போது பாதி இறக்கணும்ல? ஏற்கெனவே கீழ கிடக்குறதை எங்கேருந்து இறக்குறது? மேல தூக்கினாத்தானே."

பெரியவர் நின்ற இடத்திலேயே நின்றார். எதிர்ச்சாரியில் போட்டோ ஸ்டூடியோக்காரர் ஏணி வைத்து ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே விற்க எதுவும் இல்லை. வெறும் சுவர். இருந்தாலும் ஒரு பல்பைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். அணைப்பதற்கு ஒரு விளக்கு வேண்டுமே. அடுத்த கடையில் ஓட்டல்காரரின் மகன், டோல்கேட்டிலிருந்து வந்தவன், காலியான கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

மருந்துக்கடைக்காரர் ஒரு கொத்துச் சாவியோடு வந்தார். இப்போது சங்கத்துக்கு அவர்தான் தலைவர். கடைசிக் கூட்டத்தில் தம்பியைப் பார்த்து, 'நீங்க இந்தத் தெருவுக்கு வந்த வியாதி' என்று சொன்னவரும் அவர்தான்.

"சாவி சேக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு பெரியவரே" என்றார். "ஒருத்தர் மகள் வீட்ல, ஒருத்தர் ஆஸ்பத்திரியில. சைக்கிள்கடைச் சாவி தொலைஞ்சே போச்சாம். பூட்டை உடைக்கச் சொல்லிட்டாரு போன்லயே."

பெரியவர் கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "கோபமெல்லாம் தீர்ந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டார். கேட்ட தொனி கொஞ்சம் முறைப்பாகவே இருந்தது.

"கோபம் எங்க தீரும்? நாளைக்குக் கடையில உக்காந்து ஈ ஓட்டும்போது மறுபடி வரும். அது எங்களுக்கும் அவருக்கும் உள்ளது. அதுக்காகத் தெருக்காரரை வெறுங்கதவு முன்னாடி அனுப்பிடுவோமா?"

"நான் வெச்ச பேரை நான் வாபஸ் வாங்க மாட்டேன்" என்றார் செருப்புக்கடைக்காரர், ஷட்டரை ஓர் உதை உதைத்தபடி. "போன மாசம் என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, 'பைபாஸ் வந்திருக்கேன், ஒரு வார் அறுந்துபோச்சு'ன்னாரு. தானே சொல்றாரு. அதுக்கப்புறம் அந்தப் பேர்ல என்ன ருசி இருக்கு?"

சலூன்காரர் சிரித்துவிட்டார். "உங்க அப்பாவைத் தூக்கிட்டுப் போனது ஞாபகம் இருக்கா பெரியவரே? பின்னால லாரி வரிசையா நின்னு ஆரன் அடிச்சான். ஓரமாப் போங்கய்யான்னு ஒருத்தன் எட்டிப் பார்த்துத் திட்டினான். தோள்ல இருந்தவரைச் சாக்கடைப் பக்கம் சாய்ச்சுக்கிட்டே போனோம். இன்னைக்கு ரோடு நம்மளது. தான் பண்ணின காரியத்துல சின்னவர்தான் முதல் ஆளா ராஜா மாதிரிப் போகப்போறாரு."

"தூண் நிக்குதே, அதைச் சொல்லு" என்றார் ஏணிமேலிருந்த ஸ்டூடியோக்காரர். "கோடு வரைக்கும் இடிச்சிருந்தா இன்னைக்கு இறக்க ஷட்டர் ஏது?"

செருப்புக்கடைக்காரர் எண்ணெய்க் கிண்ணத்தை மறுபடி எடுத்தார்.

"வண்டி பின்சந்துல நிக்குதுன்னு யாரோ சொன்னாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர், சாவிக் கொத்தைப் பார்த்தபடி. "எந்த வழியா எடுக்கறீங்க?"

"தெரு வழியாத்தான். வேற எந்த வழி?" என்றார் பெரியவர். "அங்க திருப்பறதுக்காக நிக்குது."

மருந்துக்கடைக்காரர் தலையை ஆட்டினார். சலூன்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

பெரியவர் கோலைச் சலூன்காரரிடம் கொடுத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். யாரிடமும் குனிந்து பழக்கமில்லாத மனிதர், குனிந்து ஷட்டரின் அடிவிளிம்பில் இரண்டு உள்ளங்கைகளையும் கொடுத்தார். அந்தப் பக்கம் செருப்புக்கடைக்காரர். "ம்" என்றார் ஒருவர். ஷட்டர் ஒரு முனகலோடு அசைந்து, நெஞ்சு வரைக்கும் வந்து, சட்டென்று லேசாகி மேலே போய்விட்டது. உள்ளே அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள்மேல் வெளிச்சம் விழுந்தது. தோல் வாசனையும் எலி வாசனையும் கலந்து வந்தன. பெரியவரின் வெள்ளைச் சட்டை முழுக்கத் துரு.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அவர் நடை மாறியிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியை மடக்கித் தயாராக நின்றார்.

"வண்டியை முன்னாடி கொண்டாங்க" என்றார் பெரியவர்.

"சார், இப்பத்தானே..."

"முன்னாடி கொண்டாங்கன்னேன்."

கூடத்துக்குள் வந்து தம்பியின் காலடியில் நின்றார். தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். சட்டைத் துருவைப் பார்த்தாள். வெளியே ஏறிக்கொண்டிருந்த ஷட்டர்களின் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தச் சத்தத்துக்கு நடுவே குடியிருந்தவள் அவள்.

"முன்வாசல் வழியா எடுக்கலாம்மா" என்றார் பெரியவர்.

"ஏன் அத்தான், சந்துல வண்டி நுழையலையா?"

பின்னாலேயே எதையோ கேட்க வந்த ஓட்டுநர், "நுழையுமே, அளந்தெல்லாம்..." என்று தொடங்கினார். பெரியவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"நுழையலைம்மா" என்றார் ஓட்டுநர். "ஒரு குழாய் இடிக்குது."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா என்று மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளைப் பிடித்தாள். அது முழுக்க அழுகை இல்லை.

வெயில் ஏறுவதற்குள் எடுத்தார்கள். நாற்காலிகள் எப்போது நிறைந்தன என்று பெரியவர் கவனிக்கவில்லை. வாடகைக்காரர் வண்டியிலிருந்து இன்னும் சிலவற்றை இறக்கி, யாரிடமும் கேட்காமல் விரித்துக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்தார்.

தம்பியைத் தோளில் தூக்கி நடு ரோட்டில் போனார்கள். வண்டி காலியாகப் பின்னால் ஊர்ந்தது. தெருவில் காலடிச் சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை. லாரி இல்லை, ஆரன் இல்லை, ஓரமாகப் போ என்று சொல்ல ஆள் இல்லை. மருந்துக்கடை முதலில் இறங்கியது. உள்ளே விளக்கு அணைந்தது. அடுத்து மளிகை. பிறகு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக, ஊர்வலத்துக்கு ஒரு கடை முன்னால், ஷட்டர்கள் இறங்கிக்கொண்டே வந்தன. ஓட்டல் இறங்கியது. பூட்டு உடைத்த சைக்கிள்கடை இறங்கியது. ஸ்டூடியோக்காரர் தன் ஒற்றை பல்பை அணைத்துவிட்டு வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உர மூட்டைக் கிடங்காக மாறிப்போன வங்கிக் கட்டடத்தில்கூட, கிடங்குக் காவலாளி இரும்புக் கதவைப் பாதி சாத்திவிட்டு எழுந்து நின்றார். அவருக்குத் தம்பியைத் தெரியாது. பக்கத்துக் கடைக்காரர்கள் செய்வதைப் பார்த்துச் செய்தார்.

செருப்புக்கடை முன்னால் மட்டும் ஒரு குழப்பம். இவ்வளவு பாடுபட்டு மேலே போன ஷட்டர் கீழே வர மறுத்தது. செருப்புக்கடைக்காரர் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, காலை மடக்கித் தன் முழு எடையையும் கொடுத்துத் தொங்கினார். அது அசையவில்லை. தம்பி பக்கத்தில் வந்துவிட்டான். தூக்கியவர்களில் யாரோ நடையைத் தளர்த்தினார்கள். முன்னால் போய்க்கொண்டிருந்த பெரியவர் திரும்பி, கையை லேசாகக் காட்டினார். எல்லோரும் நின்றார்கள். சலூன்காரர் ஓடிப்போய் இன்னொரு பக்கம் தொங்கினார். இரண்டு பேரும் பழம் பறிக்கிறவர்கள் போல ஆடிக்கொண்டிருக்க, ஷட்டர் படாரென்று பாதிக்கு வந்து நின்றது. செருப்புக்கடைக்காரர் கால் ஊன்றி, மூச்சு வாங்க, பனியனைச் சரிசெய்துகொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டார்.

"அப்பா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு" என்றாள் மகள் தாழ்ந்த குரலில்.

"ஆமா" என்றாள் தாய்.

பெரியவர் மறுபடி கையைக் காட்டினார். நடந்தார்கள்.

தெரு முடிந்த இடத்தில் வண்டியில் ஏற்றினார்கள். அங்கிருந்து பைபாஸைக் கடந்துதான் மயானம். பெரியவர் ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். குறுக்கே லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்துகொண்டிருந்தன. இடைவெளிக்காகக் காத்திருந்தபோது ஓட்டுநர் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்திருந்தார். நேற்று மதியத்திலிருந்து உட்காராத மனிதர். ஓட்டுநர் ஆரன் அடிக்காமல் காத்திருந்தார்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பெண்கள் முன்பே வீட்டுக்குப் போயிருந்தார்கள். பெரியவர் தெரு முனையிலேயே வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"வீட்டு வாசல்லயே விடறேன் சார்."

"வேண்டாம். நடந்துக்கறேன்."

"சந்து வழியாவா?"

பெரியவர் இறங்கிக் கதவைச் சாத்தினார். "உங்களுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். குரலில் காலையில் இருந்த விறைப்பு இல்லை. ஓட்டுநர் கும்பிடு போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்.

தெரு பழையபடி ஆகிக்கொண்டிருந்தது. ஸ்டூடியோ சாத்தியாயிற்று. ஏணியைக் காணோம். ஓட்டலும் சாத்தியாயிற்று. சைக்கிள்கடைக்குப் புதுப் பூட்டு. புறாக்கள் திரும்பி வந்திருந்தன. பெரியவருக்குப் பசித்தது. நேற்றுக் காலைக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டில் என்ன இருக்குமோ, எதுவானாலும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

செருப்புக்கடை ஷட்டர் மட்டும் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அதே பாதியில் நின்றது. உள்ளே விளக்கு எரிந்தது. ஷட்டருக்குக் கீழே பெரியவருக்கு நான்கு கால்கள் தெரிந்தன. இரண்டு செருப்புக்கடைக்காரருடையவை. மற்ற இரண்டும் ஒரு பெண்ணுடையவை. பக்கத்தில் காய்கறிப் பை ஒன்று சாய்ந்திருந்தது. போகிற வழியில் கடை திறந்திருப்பதைப் பார்த்துக் குனிந்து நுழைந்தவள் போலிருக்கிறது. ஒரு காலில் பழைய செருப்பு, மற்றதில் புதிது. அட்டைப் பெட்டியின் தூசியைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"கொஞ்சம் இறுக்குதே" என்றாள் அவள்.

"ரொம்ப நாளா பெட்டியிலேயே கெடந்ததும்மா. அங்கேருந்து இங்க வரைக்கும் ரெண்டு நடை நடந்து பாருங்க."

அவள் நடந்தாள். பெரியவர் அவள் திரும்பி வருகிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, நடு ரோட்டிலேயே வீட்டைப் பார்த்து நடந்தார்.